மூன்று விலைப்புள்ளி, ஒரு ரவுட்டர்

என் மனைவி ஷார்ஜாவில் ஒரு கையைத் தூக்கியபடி உறைந்து நின்றுவிட்ட செய்தி ஒரு திங்கட்கிழமை மாலை எனக்குத் தெரியவந்தது. ஆள் திண்டிவனத்தில், எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் இருந்தாள். உறைந்துபோனது அங்கே ஒரு மாணவியின் கணினித் திரையில் தெரிந்த அவளுடைய படம்.

"கையத் தூக்கிக்கினு டிராஃபிக் போலீஸ் மாதிரி நிக்கிறேனாம். வாய் பாதி தொறந்திருக்காம்," என்று மார்க்கர் பேனாவை மூடியபடி முன்னறைக்கு வந்தாள். "கோணம் எங்க இருக்குன்னு காட்டத் தூக்கின கை அது. கை எறங்கறதுக்குள்ள அந்தப் பொண்ணு கணக்கையே விட்டுட்டா."

அவள் கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இடையில் சில ஆண்டுகள் கோட்டக்குப்பம் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்த்தாள். அப்போது அவளிடம் படித்த ஒரு பெண் இப்போது கணவரோடு ஷார்ஜாவில் இருக்கிறாள். அவளுடைய மகளுக்குப் பத்தாம் வகுப்பு. கணக்கு வரவில்லை என்றதும் தாய்க்குத் தன் பழைய டீச்சரின் நினைவு வந்து, யாரிடமோ எண் வாங்கிப் பேசினாள். ஜூன் மாதத்திலிருந்து வாரத்துக்கு நான்கு நாள், மாலை ஆறு மணிக்கு, என் மனைவி பின்னறையில் வெள்ளைப் பலகைக்கு முன்னால் நிற்கிறாள். அங்கே அப்போது நாலரை மணி.

இந்த வகுப்பு தொடர வேண்டும் என்பதில் எனக்கும் ஒரு நலன் உண்டு. ஓய்வு பெற்றபின் இரண்டு ஆண்டுகள் அவளுக்குக் கற்பிக்க யாரும் கிடைக்கவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளும் அவள் எனக்குக் கற்பித்தாள். செய்தித்தாளை மடிப்பது எப்படி, குளியலறை விளக்கை அணைப்பது எப்படி, பால்காரரிடம் எந்தத் தொனியில் பேசுவது என்று பாடத்திட்டம் நீண்டது. ஜூன் மாதத்தில்தான் எனக்கு விடுமுறை கிடைத்தது.

அன்றிரவு சாப்பாட்டுக்கு முன் அந்தத் தாய் அழைத்தாள். என் மனைவி எப்போதும் போல ஸ்பீக்கரில் போட்டாள்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. உங்ககிட்ட படிச்சவ நானு. ஆனா படம் நின்னு நின்னு போவுது, கொரலு விட்டு விட்டு வருது. புள்ள பேஜாரா இருக்குன்றா. எங்க ஃபிளாட்டுக்குக் கீழியே ஒரு டியூஷன் சென்டர் இருக்கு. இந்த சனிக்கெழம கிளாஸு வரைக்கும் பாக்கலாம், இல்லன்னா அங்க சேத்துடலாம்னு புள்ளையோட அத்தா சொல்றாரு."

"சரிம்மா. அதுக்குள்ள சரி பண்ணிடறோம்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அந்தப் பொண்ணுக்கு இப்பத்தாங்க டிரிக்னாமெட்ரி பிடிபட ஆரம்பிச்சிருக்கு. பரீட்சைக்கு மூணு மாசம் இருக்கு. இப்ப கை மாறினா எல்லாம் போச்சு. என்னால விட முடியாது."

அவள் எதையும் அப்படிச் சொல்கிறவள் இல்லை. எனவே வைஃபை பரப்பும் புது ரவுட்டர் ஒன்று வாங்கும் வேலையை நான் கையில் எடுத்துக்கொண்டேன். அதுதான் முதல் தவறு.

என் தகுதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தின் கொள்முதல் பிரிவில் முப்பது ஆண்டுகள் இருந்தேன். குண்டூசி முதல் ஜெனரேட்டர் வரை எந்தப் பொருளும் என் மேசையைத் தொடாமல் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்ததில்லை. முதலில், பொருளைப் பயன்படுத்தப்போகும் பிரிவிலிருந்து தேவைக் கடிதம். பிறகு தொழில்நுட்ப விவரம். பிறகு மூன்று கடைகளிலிருந்து மூன்று விலைப்புள்ளிகள். பிறகு ஒப்பீட்டு அட்டவணை. தகுதியுள்ளவற்றில் விலை குறைந்தது எதுவோ அது. இதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. அவர்களில் பலர் தம் வீட்டுக்கு வாங்கிய மிக்ஸி மூன்று மாதத்தில் புகைந்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

"போன்ல தட்டினா நாளைக்கு வாசல்ல வந்து நிக்கும்," என்றாள் மனைவி.

"வேலை செய்யலேன்னா யார் பதில் சொல்றது?"

"நமக்கு வேண்டியது பெட்டி. பதில வெச்சிக்கினு என்ன பண்றது?"

நான் விட்டுக்கொடுக்கவில்லை. அன்றிரவும் செவ்வாய்க்கிழமை முழுவதும் ரவுட்டர்களைப் பற்றிப் படித்தேன். இரண்டு புள்ளி நான்கு கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஐந்து கிகாஹெர்ட்ஸ் வேகமாகப் போகும் என்று தெரிந்துகொண்டேன். இரண்டு ஆன்டெனா, நான்கு ஆன்டெனா, ஆறு ஆன்டெனா. ஒன்றின் படத்தைப் பார்த்தால் கவிழ்த்துப்போட்ட நண்டு மாதிரி இருந்தது. முழு நீளத் தாளில் பதினான்கு கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணையை ஸ்கேல் வைத்துப் போட்டேன். உத்தரவாதக் காலத்துக்கு ஒரு கட்டம், பழுது பார்க்கும் வசதிக்கு ஒரு கட்டம், எடைக்குக்கூட ஒரு கட்டம்.

மனைவி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "எங்க ஸ்கூலுக்கு ஒரு போர்டு கேட்டு எழுதிப் போட்டேன். நான் ரிடையர் ஆனப்புறம் வந்துச்சு, தெரியுமில்ல?"

"அது எங்க ஆபீஸ் இல்ல. வேற துறை."

"எல்லாம் ஒரே துறைதான்."

புதன்கிழமை காலை விழுப்புரம் பஸ் ஏறினேன். திண்டிவனத்திலும் கடைகள் உண்டு. ஆனால் எனக்குத் தெரிந்த கடைக்காரர் விழுப்புரத்தில்தான் இருந்தார். எங்கள் அலுவலகத்துக்குப் பல ஆண்டுகள் கணினிச் சாமான்கள் கொடுத்தவர். விக்கிரவாண்டி தாண்டும்போதே அட்டவணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"வாங்க சார், வாங்க! ரிடையர் ஆயிட்டீங்கன்னாங்க, பாத்தா பழைய மாதிரியே பைலோட வர்றீங்க," என்று கடைக்காரர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

ரவுட்டருக்கு விலைப்புள்ளி வேண்டும், எழுத்தில் வேண்டும் என்றேன். இது முடிந்ததும் இன்னும் இரண்டு கடைகளுக்குப் போகவேண்டியிருக்கிறது என்றும் சொன்னேன். அவர் முகத்தில் பழைய அன்பு பரவியது.

"மத்த ரெண்டும் நானே வாங்கி வெச்சிடறேன் சார். நீங்க ஏன் வெயில்ல அலையணும்? டீ சாப்டுங்க, ஜல்தியா முடிச்சிடலாம்."

டீ ஆறுவதற்குள் மூன்று தாள்களும் மேசைக்கு வந்துவிட்டன. மூன்று கடைகளின் தலைப்பு, மூன்று முகவரி, மூன்று ரப்பர் முத்திரை. முத்திரைகள் மூன்றும் அவருடைய ஒரே இழுப்பறையிலிருந்துதான் வெளியே வந்தன. ஒன்றில் நீல மையில் கையெழுத்து, ஒன்றில் கறுப்பு, ஒன்றில் பச்சை. மூன்றும் வலது பக்கம் ஒரே அளவில் சாய்ந்திருந்தன. அவருடைய கடையின் விலை மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் குறைவு.

எனக்குத் தெரியாமல் நடந்தது என்று எழுதினால் அது பொய். முப்பது ஆண்டுகளும் எனக்குத் தெரியும். அலுவலகத்தில் என் மேசைக்கு வந்த மூன்று விலைப்புள்ளிகளில் பெரும்பாலானவை இப்படி ஒரே இழுப்பறையில் பிறந்த சகோதரர்கள்தான். எனக்கென்று ஒரு சோதனை இருந்தது. தாள்கள் மூன்று இருக்கின்றனவா? கையெழுத்து இருக்கிறதா? தேதி, கொள்முதல் ஆணைக்கு முந்தைய தேதியா? மூன்றுக்கும் ஆம் என்றால் கோப்பு சரி. என் கோப்புகளில் ஒருமுறைகூடத் தணிக்கையாளர் கேள்வி எழுப்பியதில்லை. அதைப் பற்றி எனக்குப் பெருமைகூட இருந்தது. லஞ்சம் வாங்கியதில்லை, அந்தக் கடைக்காரரின் டீயைத் தவிர எதுவும் வாங்கியதில்லை. அதனால் என்னை நேர்மையானவன் என்றே நினைத்து வந்தேன், பிறரும் அப்படித்தான் சொன்னார்கள்.

அன்று என்னைத் தணிக்கை செய்ய எந்த அதிகாரியும் திண்டிவனத்தில் காத்திருக்கவில்லை. ஆனாலும் மூன்று தாள்களையும் பார்த்ததும் மனம் ஒருவித நிறைவு கொண்டது. பதினான்கு கட்டங்களையும் நிரப்பினேன். நான்கு ஆன்டெனா வைத்த பெட்டி தேர்வானது. கடைக்காரர் அதைப் பையில் போட்டுக் கொடுத்தார். அவர் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நானும் அதைக் கவனிக்கவில்லை.

மாலையில் பெட்டியைப் பொருத்தினேன். இணையக் கம்பி கொண்டுவந்த லைன்காரர் தன் சிறு பெட்டியை முன்னறையில் டிவிக்கு மேலே அறைந்திருந்தார். அதன் பக்கத்தில், ஷோகேஸ் மேல், என் பிரிவுபசாரக் கேடயத்துக்கு அருகில் புது ரவுட்டர் அமர்ந்தது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வரும் எந்தப் பெட்டிக்கும் முதல் மரியாதை முன்னறையில்தான். எங்கள் ஃப்ரிட்ஜ் ஆறு ஆண்டுகள் முன்னறையில்தான் நின்றது. வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க ஒரு அடிகூட நடக்கவேண்டியிருந்ததில்லை. அவர்கள் பார்க்காமல் போகவும் வழியிருந்ததில்லை. நான்கு கொம்புகளையும் நிமிர்த்திவிட்டேன். சோபாவில் உட்கார்ந்து போனில் வேகத்தை அளந்தேன். பிரமாதமாக இருந்தது.

வியாழக்கிழமை வகுப்பில் என் மனைவி மறுபடியும் உறைந்தாள். இம்முறை கண்ணை மூடிய நிலையில்.

ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். வெள்ளைப் பலகையை நான் தூக்கி வந்து டிவிக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் வீடு பஸ் போகும் சாலையில் இருக்கிறது. ஒவ்வொரு ஹாரனுக்கும் அவள் பாதி வாக்கியத்தில் நிறுத்தவேண்டியிருந்தது. அதோடு காய்கறி ஆட்டோ ஒன்று வாசலிலேயே நின்று, தக்காளியும் வெங்காயமும் என்ன விலை என்று ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொன்னது. ஷார்ஜாவில் அந்தப் பெண் சிரிப்பது நன்றாகக் கேட்டது. அவள் தாய் பின்னால் நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் என் மனைவி திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். பலகையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நாளைக்கு வெள்ளி. ஒரு நாள்தான் இருக்கு," என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை காபிகூடக் குடிக்காமல் ஒரு கிராஃப் தாளை எடுத்தாள். பென்சிலால் வீட்டின் வரைபடத்தைப் போட்டாள். ஒரு கட்டத்துக்கு ஓர் அடி. பிறகு கையில் போனை வைத்துக்கொண்டு வீடு முழுக்க ஒவ்வோர் அடியாக நடந்தாள். நின்ற இடத்திலெல்லாம் போனில் வைஃபை எத்தனை கோடு காட்டுகிறது என்று அந்தக் கட்டத்தில் எழுதினாள். முன்னறை முழுக்க நான்கு. நடு அறையின் வாசலில் மூன்று. இரும்பு பீரோவைத் தாண்டியதும் ஒன்று. பீரோவுக்கு நேர் பின்னால் சுவருக்கு அந்தப் பக்கம், சமையலறையில், ஃப்ரிட்ஜ் நின்றது. அதையும் தாண்டினால் பூஜ்யம். அந்தப் பூஜ்யங்களுக்கு நடுவில் ஒரு சிறு வட்டம் போட்டு அதற்குள் 'நாற்காலி' என்று எழுதினாள்.

"உங்க அட்டவணைய எடுங்க."

எடுத்தேன்.

"இதுல பதினாலு கட்டம் இருக்கு. நான் எங்க இருந்து பாடம் எடுக்கறேன்னு எந்தக் கட்டத்துல இருக்கு?"

எதிலும் இல்லை. எடைக்குக் கட்டம் இருந்தது.

முதல் படி எது என்று எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். பயன்படுத்துகிறவரின் தேவைக் கடிதம். பயன்படுத்துகிறவர் பின்னறையில் இருந்தார். இருபது அடி நடந்து ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அதைத் தாண்டிக் குதித்து நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போனேன்.

இது புதுப் பழக்கமும் இல்லை. ஒருமுறை ஒரு கிராமத்துக் கிளை அலுவலகத்துக்கு இரும்பு அலமாரி வாங்கி அனுப்பினேன். விலை குறைந்தது, விவரக்குறிப்பின்படி அச்சாக இருந்தது. அந்த அலுவலகத்தின் வாசலைவிட அகலமாகவும் இருந்தது. இரண்டு மழைக்காலம் அது வராந்தாவில் நின்றது. அங்கிருந்த எழுத்தர் மூன்று கடிதம் எழுதினார். பொருள் விவரக்குறிப்புக்கு இணங்க உள்ளது என்று நான் மூன்று பதில் எழுதினேன். என் பதில்கள் மூன்றிலும் பிழை இல்லை. அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. துரு ஏறிய அலமாரியைத் துணியால் துடைத்தபடி அவர் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார் என்று அந்த வெள்ளிக்கிழமை காலைதான் முதல் முறையாக யோசித்தேன்.

"இந்தத் தாள எடுத்துக்கினு அதே கடைக்குப் போங்க," என்றாள். "மத்த எதையும் எடுத்துக்கினு போவாதீங்க."

கடைக்காரர் கிராஃப் தாளை மேசையில் விரித்து, நெற்றிமேல் இருந்த கண்ணாடியை இறக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"யாரு சார் போட்டது இத?"

"என் வீட்டுக்காரி. கணக்கு டீச்சர்."

"அவங்க மட்டும் உங்க சீட்டுல இருந்திருந்தா, நான் எப்பவோ கடைய மூடிக்கினு தள்ளுவண்டியில மல்லாட்டை வறுத்து விக்கப் போயிருப்பேன்." சிரித்துவிட்டு, கொஞ்சம் வருத்தமாகவே கேட்டார். "வீட்டுக்குன்னு ஒரு வார்த்த சொல்லலியே சார் நீங்க? கொட்டேஷன்னு ஆரம்பிச்சீங்க, ஆபீஸு வேலன்னு நெனச்சிட்டேன். வீட்டுக்குன்னா மொத கேள்வியே நடுவுல எத்தினி செவுருன்னுதான் கேப்பேன்."

"ஆபீசுக்குன்னா கேக்க மாட்டீங்களா?"

"ஆபீசுல செவுத்தப் பத்தி யாரு சார் கவலப்பட்டாங்க?"

இன்னும் பெரிய பெட்டி ஒன்று வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

"இருக்கு, ஆறு கொம்பு. கேட்டீங்கன்னா வித்துடுவேன். ஆனா எத்தினி கொம்பு வெச்சாலும் அந்த பீரோவத் தாண்டாது. நீங்க வாங்கின பெட்டியே நல்ல பெட்டிதான், அது ஒக்காந்திருக்கிற எடந்தான் தப்பு. லைன்காரன் வெச்சது முன்னாடியே இருக்கட்டும். அதுல இருந்து ஒரு ஒயரு இழுத்துக்கினு போயி, உங்க பெட்டிய டீச்சரு தலைக்கு மேல மாட்டிடுங்க. அவ்ளோதான்."

கிராஃப் தாளின் கட்டங்களை விரலால் எண்ணி, இரண்டு மீட்டர் சேர்த்து, கம்பியை வெட்டிச் சுருட்டிக் கொடுத்தார். சுவரில் அடிக்கும் கிளிப் ஒரு பொட்டலம். ஒற்றை விலைப்புள்ளிகூட இல்லாமல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

சனிக்கிழமை காலை முழுதும் ஸ்டூல் மேல் நின்றேன். என் மனைவி கீழே நின்று ஒவ்வொரு கிளிப்பாக எடுத்துக் கொடுத்தாள். கம்பி சுவரின் நடுவே நேர்க்கோட்டில் போகவேண்டும் என்றேன் நான். கதவு நிலையின் மேலாகப் போனால் கண்ணுக்குத் தெரியாது, காலிலும் சிக்காது என்றாள் அவள். அரைமணி நேரம் வாதாடினோம். கம்பி நிலையின் மேலாகத்தான் போனது. வெண்டிலேட்டர் வழியாகச் சமையலறைக்குள் இறங்கி, அங்கிருந்து பின்னறைக்கு ஏறியது. ஷோகேஸில் கேடயம் தனியாக நின்றது. நான்கு மணிக்கு அவள் நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்தாள். நான்கு கோடு.

ஆறு மணிக்கு என்னை வெளியே போகச் சொல்லிவிட்டாள். சமையலறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். கதவு திறந்திருந்தது. அந்தப் பெண்ணும், அவள் பக்கத்தில் தாயும் திரையில் இருந்தார்கள். இருபது நிமிடம் ஓடியது. படம் நிற்கவில்லை. குரல் ஒரு இடத்தில்கூட அறுபடவில்லை.

"இப்ப சொல்லு," என்றாள் என் மனைவி. "கம்பத்து உச்சியில இருந்து தரைக்கு ஒரு கயிறு கட்டியிருக்கு. தரைக்கும் கயித்துக்கும் நடுவுல முப்பது டிகிரி. கயித்தோட நீளம் இருபது மீட்டர். கம்பத்தோட ஒசரம் என்ன?"

திரையில் ஒரு தலை நோட்டை நோக்கிக் குனிந்தது. பிறகு அந்தப் பெண்ணின் குரல்: "மிஸ், கேக்கல."

எழுந்து ரவுட்டரின் விளக்குகளைப் பார்க்கப் போனேன். அதற்குள் தாயின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"எனக்குக் கேக்குதுடி. அடுப்படியில இருந்தாக்கூட கேக்கும் போலருக்கு. ஒனக்கு மட்டும் கேக்கலியா?"

கம்பிக்கு ஒரு குறையும் இல்லை. என் மனைவி அவசரப்படவில்லை. வகுப்பறையில் முப்பத்தைந்து வருடம் காத்திருந்தவள்.

"புரியல மிஸ்," என்றது அந்தப் பெண்.

"எதுல இருந்து புரியல?"

"மொதல்ல இருந்தே."

நான் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டேன். இப்போதுதான் பிடிபட ஆரம்பித்திருக்கிறது என்று திங்கட்கிழமை அவள் சொன்னது அவளுக்கும் நினைவு வந்திருக்கும். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. டஸ்டரை எடுத்தாள். பலகையை மேலிருந்து கீழே முழுவதும் அழித்தாள்.

"சரி. நோட்டுல புதுப் பக்கம் எடு. ஒரு செங்கோண முக்கோணம் போடு. செங்கோணம் எங்க இருக்குன்னு எனக்குக் காட்டு."

அந்தப் பெண் நோட்டைத் தூக்கிக் காமிராவுக்கு முன் பிடித்தாள். என் மனைவி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரைக்கு அருகே குனிந்தாள்.

வகுப்பு ஏழரைக்கு முடியவேண்டும். எட்டேகால் ஆனது. முடிவில் தாய் பேசினாள்.

"டீச்சர், சென்டருக்கு அனுப்பல. அங்க எத்தினி பேருன்னு கேட்டேன், நாப்பது பேராம். இவ நாப்பது பேருல நல்லா ஒளிஞ்சிக்குவா. உங்ககிட்ட இனிமே ஒளிய முடியாது இல்ல? முடிஞ்சா வாரத்துல அஞ்சு நாளா எடுங்க."

"ஆறு நாள் எடுக்கறேன்," என்றாள் என் மனைவி.

லேப்டாப்பை மூடியபின் அவள் உடனே எழுந்திருக்கவில்லை. நான் உள்ளே போய், "லைன் நல்லா இருந்துது," என்றேன்.

"நல்லாத்தான் இருந்துது. அஞ்சு மாசமா அவ கேக்கல கேக்கலன்னா, நான் லைனத்தான் திட்டிக்கினு இருந்தேன். எத்தினி தடவ லைன், எத்தினி தடவ அந்தப் பொண்ணுன்னு இப்ப யாருக்குத் தெரியும்? ஒரு தடவையாவது 'என்ன கேக்கல, எதுவரைக்கும் கேட்டுச்சு'ன்னு கேட்டிருக்கணும் நான்."

அவளைத் தேற்றும் தகுதி அந்த வாரம் எனக்கு இல்லை. காலண்டரைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். பரீட்சை வரை எத்தனை நாள் என்று பென்சிலால் எண்ணத் தொடங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளை முதலில் விட்டுவிட்டு, பிறகு அவற்றையும் சேர்த்து.